இல்லை என்பதன் அளவு



பேச்சைத் தொடங்குமுன் ஒரு சின்ன வேலை. இந்த அரங்கின் ஏசி ரிமோட்டைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் செல்பேசிக் கேமராவைத் திறந்து இதன் மூக்கைப் பாருங்கள். செல்ஃபி எடுக்கும் முன்பக்கக் கேமராவாக இருந்தால் நல்லது. இதோ அழுத்துகிறேன். வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லை. திரையில் வெளிர் ஊதாவாக மினுக்குகிறதா? சிலருக்குத் தெரியாது, இந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி பல கேமராக்களில் உண்டு. பெரும்பாலான ரிமோட்டுகளில் இதன் அலைநீளம் 0.94 மைக்ரான். நம் கண் ஏறத்தாழ 0.7 மைக்ரானோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் இருப்பது அகச்சிவப்பு. ரிமோட் என் கையிலேயே இருக்கட்டும், மறுபடி தேவைப்படும்.

அழைப்பிதழில் என் தலைப்பு ‘கருப்பொருளைத் தேடி’ என்று அச்சாகிவிட்டது. தமிழாசிரியர்கள் சிலர் ஆவலோடு வந்திருப்பார்கள். முதல், கரு, உரி என்று தொல்காப்பியத் திணைக்குள் நுழையப்போகிறேன் என்று நினைத்திருக்கலாம். நான் எழுதிக்கொடுத்தது ‘கரும்பொருள்’. ஓர் ‘ம்’ போய் ஒரு ‘ப்’ வந்ததில் இயற்பியல் இலக்கணமாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் கரும்பொருள் என்ற பெயரும் சரியில்லை. கருப்பாக இருப்பது ஒளியை விழுங்கும், பின்னால் இருப்பதை மறைக்கும். இந்தப் பொருளோ எதையும் மறைப்பதில்லை. கண்ணாடியை விடத் தெளிவானது. ஆங்கிலப் பெயரிலேயே இருக்கும் பிழை தமிழுக்கும் வந்து சேர்ந்தது. பழகிவிட்டதால் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அப்படி ஒன்று உண்டு என்று எப்படித் தெரியும்? இதைத் தமிழில் பலர் நன்றாக எழுதிவிட்டார்கள், வேகமாகக் கடக்கிறேன். 1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்தில் உள்ள விண்மீன் மண்டலங்களின் வேகத்தைக் கணக்கிட்டார். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் அந்தக் கொத்து எப்போதோ சிதறியிருக்க வேண்டும். 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் சுழற்சியை அளந்தார்கள். விளிம்புக்குப் போகப்போக வேகம் குறையவேண்டும்; குறையவில்லை. ரூபினின் பெயரைச் சொல்பவர்கள் ஃபோர்டை விட்டுவிடுகிறார்கள். மங்கலான ஒளியைப் பெருக்கிக் காட்டும் குழாயைப் பொருத்தி அந்த நிறமாலைமானியைக் கட்டியவர் அவர்தான். கருவி கட்டியவரின் பெயர் அடிக்குறிப்புக்குப் போவது எங்கும் நடப்பது. பின்னாளில் பிளாங்க் செயற்கைக்கோள் தந்த கணக்குப்படி, பிரபஞ்சத்தின் மொத்த இருப்பில் நாம் அறிந்த அணுக்களாலான பொருள் சுமார் 5 விழுக்காடு, கரும்பொருள் சுமார் 27 விழுக்காடு.

இங்கே ஓர் அளவைச் சொல்லி வைக்கிறேன். நம் பூமி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதோ, அந்த இடம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் கரும்பொருளைக் கூட்டிக் கட்டினால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் வரும். ஒரு பொட்டலம் சர்க்கரை. இவ்வளவு நீர்த்துக் கிடக்கும் ஒன்றைத்தான் தேடுகிறோம்.

அகச்சிவப்பு வானியலர்கள் இந்தத் தேடலில் இறங்கியபோது மனதில் இருந்தது விசித்திரமான துகள் அல்ல, எரியாமல் போன விண்மீன்கள். ஒரு வாயு உருண்டை சூரியனின் எடையில் எட்டு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் அதன் நடுவில் ஹைட்ரஜன் நிலையாக எரியாது. பிறந்தபோது கிடைத்த சூட்டை வைத்துக்கொண்டு ஆறியபடியே இருக்கும். அடுப்பணைந்த பிறகு சாம்பலுக்குள் கிடக்கும் கங்கு மாதிரி. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிவ் குமார் 1960-களின் தொடக்கத்தில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ‘பழுப்புக் குள்ளன்’ என்று 1975-இல் பெயர் வைத்தவர் ஜில் டார்ட்டர். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அகச்சிவப்பில் தெரியும். நம் பால்வீதியைச் சுற்றி இத்தகைய கங்குகள் கோடானுகோடி இருந்தால் கரும்பொருள் கணக்கு முடிந்துவிடுமே என்ற ஆசை பலருக்கு இருந்தது.

ஆசை நிறைவேறவில்லை. 1995-இல் ‘கிளீஸ் 229 பி’ என்ற பழுப்புக் குள்ளன் ஐயத்துக்கு இடமின்றிக் கிடைத்தது. பிறகு வைஸ் என்ற செயற்கைக்கோள் வெறும் 40 சென்டிமீட்டர் ஆடியை வைத்துக்கொண்டு வானம் முழுவதையும் அகச்சிவப்பில் துழாவியது. 2013-இல் அதன் படங்களிலிருந்து, 6.5 ஒளியாண்டுத் தொலைவில், நம் வீட்டு வாசலிலேயே ஒரு பழுப்புக் குள்ளன் இரட்டை வெளிவந்தது. ஆனால் எண்ணிப் பார்த்தால் தொகை போதவில்லை. வேறு வழியில் தேடியவர்களுக்கும் அதே கதைதான். ஆஸ்திரேலியாவின் மவுன்ட் ஸ்ட்ரோம்லோவில் இருந்த ஒரு தொலைநோக்கி வழியே பெரிய மெகல்லன் மேகத்தின் விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். இருண்ட உருண்டை ஏதாவது குறுக்கே போனால் அதன் ஈர்ப்பு பின்னாலுள்ள விண்மீனைச் சில காலம் பிரகாசமாக்கிக் காட்டும். சில நிகழ்வுகள் கிடைத்தன. பால்வீதியின் கரும்பொருள் முழுவதுக்கும் ஈடுகட்ட அவை போதவில்லை. அந்தத் தொலைநோக்கி 2003-ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் எரிந்துபோனது.

ஆக, அணைந்த அடுப்புகள் இல்லை. அப்படியானால் துகள்.

எந்தத் துகள் என்பதில் நூறு கட்சி. நெடுங்காலம் ஆட்சியில் இருந்தது புரோட்டானை விடப் பல மடங்கு கனமான துகள் என்ற கட்சி. சுரங்கங்களுக்குள் டன் கணக்கில் திரவ செனானை வைத்துக் காத்திருந்தும் அது இன்னும் அகப்படவில்லை. எதிர்க்கட்சியின் பெயர் ஆக்ஸியான். துகள் இயற்பியலில் இருந்த ஓர் அழுக்கைப் போக்குகிறது என்பதால் ஃபிராங்க் வில்செக் ஒரு சலவைத்தூளின் பெயரை அதற்கு வைத்தார். அசல் ஆக்ஸியான் மிக மிக இலேசானது என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். இன்று நான் பேச வந்தது அதன் ஒன்றுவிட்ட சகோதரர்களைப் பற்றி. ஆக்ஸியானைப் போன்றவை, ஆனால் நிறை 2 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கக்கூடியவை. எலக்ட்ரானின் நிறை இதைப்போல இரண்டரை லட்சம் மடங்கு. கரும்பொருள் முழுவதும் இவைதான் என்றால், இந்த அரங்கின் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் இந்த நொடியில் சுமார் 15 கோடி இருக்கவேண்டும். மூக்கினுள் போய் வந்துகொண்டிருக்கின்றன, நமக்கு உறைப்பதில்லை.

இவற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. எப்போதாவது ஒன்று உடையும். உடைந்தால் இரண்டு ஃபோட்டான்கள், எதிரெதிர்த் திசையில், நிறையை ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டுக்கொண்டு. அண்ணன் தம்பி சொத்துப் பிரிவினை போல் வழக்கு வராது, சரிபாதிதான். ஆகவே வரும் ஒளி ஒரே அலைநீளத்தில் இருக்கும், நிறமாலையில் ஒற்றைக் கோடாக விழும். இந்த ரிமோட்டுக்கு வருவோம். இதிலிருந்து வரும் ஃபோட்டானின் ஆற்றல் 1.32 எலக்ட்ரான் வோல்ட். கரும்பொருள் துகளின் நிறை 2.64 எலக்ட்ரான் வோல்ட் என்றால், அது சாகும்போது இந்த ரிமோட்டின் நிறத்தில்தான் மின்னிச் சாகும்.

எத்தனை காலத்துக்கு ஒருமுறை சாகும்? பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளையும் தாண்டி இன்னும் இருக்கிறது என்றால் ஆயுள் மிகப் பெரிது. அத்தனை நீண்ட ஆயுளை மனிதன் எப்படி அளப்பது? எல்ஐசிக்காரர்கள் அளப்பது போலத்தான். எழுபது வயது வரை வாழ்வார் என்று சொல்ல அவர்கள் ஒருவர் பின்னால் எழுபது வருடம் நடப்பதில்லை, லட்சம் பேரை ஓர் ஆண்டு பார்க்கிறார்கள். 2 எலக்ட்ரான் வோல்ட் துகள் ஒரு கிராமில் எத்தனை இருக்கும் என்று போட்டுப் பாருங்கள்: 28-ஐ எழுதி அதன் பின்னால் 31 சுழியங்கள். சராசரி ஆயுள் 1-க்குப் பின் 25 சுழியங்கள் போட்ட வினாடிகளாக இருந்தால்கூட, அந்த ஒரு கிராமில் வினாடிக்கு இரண்டே முக்கால் கோடி சாவு விழும். ஒரு விண்மீன் மண்டலத்தில் எத்தனை கிராம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பெஸ்ஷோ, இக்கேடா, வென் யின் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் 2022-இல் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். விண்மீன்களை ஆராயக் கட்டிய அகச்சிவப்பு நிறமாலைமானிகளை அப்படியே கரும்பொருள் பொறிகளாக வைக்கலாமே என்பது அந்த யோசனை. அவர்கள் கைக்கெட்டிய கருவி வைன்ரெட். ஜப்பானில் கியோட்டோவில் பிறந்து, பிறகு சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் மலையில் இருக்கும் 6.5 மீட்டர் மெகல்லன் கிளே தொலைநோக்கிக்குப் போனது. பெயரின் முதலெழுத்து ‘வெதுவெதுப்பான’ என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. காரணம் உண்டு. அகச்சிவப்புக் கருவி என்றாலே முழுவதையும் உறையவைப்பது மரபு. கருவியின் சொந்தச் சூடே ஒளியாகி உள்ளே கொட்டும். ஆனால் அறைச் சூட்டில் உள்ள பொருள் அதிகம் ஒளிர்வது 10 மைக்ரானை ஒட்டித்தான். 1 மைக்ரான் அருகே அது அடங்கிவிடும். வைன்ரெட் பார்ப்பது 0.9 முதல் 1.35 மைக்ரான் வரை. ஆகவே பெரும்பாலான வில்லைகளையும் ஆடிகளையும் அறைச் சூட்டிலேயே விட்டுவிட்டார்கள், உணரியையும் அதையொட்டிய பாகங்களையும் மட்டும் குளிரவைத்தார்கள். செலவும் எடையும் குறைந்தன. இந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சூட்டுத் தொல்லை தீர்ந்தது, வானம் தீரவில்லை. நிலவில்லாத இரவில் மலையுச்சியில் நின்றால் வானம் கரும்பட்டு போல இருக்கும். அகச்சிவப்புக் கண்ணிருந்தால் தெரியும், அது தகதகவென்று ஒளிர்கிறது. தரையிலிருந்து 87 கிலோமீட்டர் உயரத்தில் ஹைட்ரஜன் அணுவும் ஓசோனும் மோதி ஹைட்ராக்ஸில் மூலக்கூறு பிறக்கிறது. பிறக்கும்போதே அதிர்ந்துகொண்டு பிறக்கும். அந்த அதிர்வை அகச்சிவப்புக் கோடுகளாகக் கொட்டிவிட்டுத்தான் அடங்கும். 1950-இல் ஏடன் மைனல் இதை அடையாளம் கண்டார். ஒன்றிரண்டு கோடுகள் அல்ல, ஒரு காடு. அதுவும் நிலையாக நிற்பதில்லை, நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். கடல் அலை போல மேலே வெளிச்ச அலை ஓடுகிறது. கரும்பொருளின் ஒற்றைக் கோட்டை இந்தக் காட்டுக்குள் தேடவேண்டும்.

நம் கல்லூரி ஆய்வகங்களில் உள்ள நிறமாலைமானியே இதைப் புரிந்துகொள்ளப் போதும். இருட்டறை, சோடியம் விளக்கு, கிரேட்டிங், கையில் உருப்பெருக்கி, வெர்னியரில் கண். சோடியத்தின் மஞ்சள் கோடு நன்றாகக் குவித்தால் இரண்டாகப் பிரியும், 5890, 5896 ஆங்ஸ்ட்ராம். பிரிக்கும் திறன் ஆயிரம் இருந்தால் போதும். வைன்ரெட்டின் பிரிதிறன் 28,000. அதாவது கோடுகளை அவ்வளவு மெல்லிசாகப் பிரித்து வைத்துவிட்டால், ஹைட்ராக்ஸில் மரங்களுக்கு நடுவே வெற்றிடங்கள் தெரியும். அந்த இடைவெளிகளில்தான் வேட்டை. சிறிய மண்டலங்களில் பொருள்கள் வினாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் மட்டுமே அலைகின்றன என்பதால், அங்கிருந்து வரும் கோடும் மெல்லிசாகவே இருக்கும். மெல்லிய கோட்டுக்கு மெல்லிய சல்லடை.

தேர்ந்தெடுத்தவை இரண்டு குள்ள மண்டலங்கள். சிம்ம ராசி வட்டாரத்தில் லியோ 5, தென்வானில் டுகானா 2. இரண்டும் பால்வீதியைச் சுற்றும் சில்லறைகள். இரண்டிலும் உள்ள விண்மீன்களின் மொத்த ஒளி சில ஆயிரம் சூரியன்களுக்குச் சமம், அவ்வளவுதான். ஆனால் அவற்றைக் கட்டி வைத்திருக்கும் ஈர்ப்பு அதைப்போலப் பல மடங்கு. விண்மீன் குறைவு, வாயு இல்லை, கரும்பொருள் மிகுதி. கூட்டமில்லாத கோயிலில் மூலவரைப் பார்ப்பது போல, தரிசனம் உண்டென்றால் இங்கேதான்.

தேடிய முறையைச் சொல்கிறேன், இதில்தான் நுட்பம் இருக்கிறது. தொலைநோக்கியை மண்டலத்தின் மேல் வை. பதிவெடு. சற்றுத் தள்ளி வெற்று வானத்தில் வை. பதிவெடு. மறுபடி மண்டலத்துக்குத் திரும்பு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி. ஹைட்ராக்ஸில் இரண்டிலும் இருக்கும், கழிந்துவிடும். மண்டலத்தில் மட்டும் இருப்பது மிஞ்சும். இன்னொரு பாதுகாப்பும் உண்டு. லியோ 5 நம்மைவிட்டு வினாடிக்குச் சுமார் 170 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகிறது. டுகானா 2 சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது. ஒரே துகளின் கோடு என்றால் முதலாவதில் சிவப்புப் பக்கமும் இரண்டாவதில் நீலப் பக்கமும், இம்மி பிசகாமல் அந்த அளவுக்கு நகர்ந்திருக்கவேண்டும். கருவியின் குறையோ வானத்தின் மிச்சமோ இப்படிச் சொல்லிவைத்தாற்போல் நகராது. பொய்ச்சாட்சியைக் குறுக்கு விசாரணையில் பிடிப்பது மாதிரி.

சுமார் நான்கு மணி நேரப் பதிவு. கழித்துப் பார்த்தார்கள். மிஞ்சியது சுழியம், அதாவது பிழை வரம்புக்குள் சுழியம். 2025-இல் முடிவை வெளியிட்டார்கள்: நிறை 1.8 முதல் 2.7 எலக்ட்ரான் வோல்ட் வரையிலான துகள்தான் கரும்பொருள் என்றால், அதன் ஆயுள் குறைந்தது 1-க்குப் பின் 25 அல்லது 26 சுழியங்கள் போட்ட வினாடிகள். பிரபஞ்சத்தின் வயதைப்போலச் சில கோடி மடங்கு முதல் இருபது கோடி மடங்கு வரை. அந்த நிறை எல்லைக்குள் அதுவரை யாரும் இவ்வளவு இறுக்கமாக வேலி போட்டதில்லை.

இங்கே என் கதை ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் செய்முறை வகுப்பு எடுத்தவன் நான். கண்டுபிடிக்காததைக் கண்டதாக எழுதும் கலையில் நம் மாணவர்களை மிஞ்ச ஆளில்லை. ஊசல் எப்படி ஆடினாலும் ரெக்கார்டு நோட்டில் ஈர்ப்பு முடுக்கம் 980 வந்துவிடும். ஒரு வருடம் பாதரச விளக்கின் நிறமாலை. ஊதாவில் இரண்டு கோடுகள், 4047, 4078. முதலாவது எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது மங்கல். வகுப்பில் முப்பது பேர் இரண்டுக்கும் கோணம் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாணவி மட்டும் ‘இரண்டாவது தெரியவில்லை’ என்று எழுதினாள். கூப்பிட்டு, “விளக்கில் இல்லையா, உன் கண்ணுக்குத் தெரியவில்லையா?” என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் போய்விட்டாள். அடுத்த வாரம் வந்து நோட்டை நீட்டினாள். முதல் கோட்டுக்கு முன்னால் டிரேசிங் தாளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போயிருக்கிறாள். ஐந்தாவது தாள் வரை தெரிந்தது, ஆறாவதில் மறைந்தது. கீழே எழுதியிருந்தாள்: ‘சார், இரண்டாவது கோடு இருந்தால், அது ஐந்து தாள் மறைத்த முதல் கோட்டை விட மங்கலானது.’

வைன்ரெட் குழுவினர் செய்ததற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. ‘இல்லை’ என்று சொன்னால் அது வெறும் சொல். ‘இத்தனைக்கு மேல் இல்லை’ என்றால் அளவு. அந்த மாணவிக்கு நான் என்ன மதிப்பெண் போட்டேன் என்று கேட்காதீர்கள். மதிப்பெண் பட்டியலில் ‘ஊதா 2’ என்று ஒரு கட்டம் இருந்தது. அது காலியாக இருந்ததால் குறைத்துத்தான் போட்டேன். இன்றைக்கு இதை அச்சில் வரட்டும் என்றே சொல்கிறேன்.

வேறு தேடல்கள் நடந்துகொண்டிருக்கின்றன. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் ஹைட்ராக்ஸில் தொல்லை இல்லை. ரயன் ஜானிஷ், எலேனா பினெட்டி இருவரும் ஒரு புது வழி பிடித்தார்கள். வேறு எதற்காகவோ வெப் எடுத்த நிறமாலைகளில் இலக்கைச் சுற்றிக் கிடக்கும் வெற்று வானத்தைத்தான் மற்றவர்கள் கழித்து எறிவார்கள். இவர்கள் அந்தக் கழிவை எடுத்து, நம் பால்வீதியின் கரும்பொருள் கோடு அதில் உண்டா என்று பார்த்தார்கள். கரும்பொருளால் எரியும் ஆதி விண்மீன்கள் மூன்றை வெப் கண்டிருக்கலாம் என்று 2023-இல் கேத்தரின் ஃப்ரீஸ் குழுவினர் எழுதினார்கள். எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. மங்கலான புள்ளி எதுவாகவும் இருக்கலாம்.

என்னை உண்மையில் ஈர்ப்பது இன்னொன்று. கிழட்டு நியூட்ரான் விண்மீன். சூரியனை விடக் கனமான ஒன்று, ஒரு நகரத்தின் அகலத்துக்குள் சுருங்கிக் கிடக்கிறது. பிறந்து பல கோடி ஆண்டுகள் ஆனபின் ஆயிரம் கெல்வினுக்கும் கீழே ஆறிப்போயிருக்கவேண்டும். ஆனால் அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள கரும்பொருளை வினாடிக்குச் சில பத்துக் கிராம் வீதம் உள்ளே இழுக்கும். ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் வந்து விழும் அந்தச் சில பத்துக் கிராமே விண்மீனை 1,750 கெல்வின் அளவுக்குச் சூடாக வைத்திருக்கப் போதும். 2017-இல் ஐந்து பேர் சேர்ந்து இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அவர்களில் ஒருவரான நிர்மல் ராஜ் இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறார். 1,750 கெல்வின் என்றால் அகச்சிவப்பு, 2 மைக்ரானை ஒட்டி. வெப் போன்ற தொலைநோக்கியால் பார்க்கக்கூடிய ஒளிதான். தடை ஒன்றே: அது நமக்கு மிக அருகில் இருக்கவேண்டும், துடிப்பு அடங்கிவரும் அப்படி ஒரு கிழத்தை முதலில் ரேடியோவில் கண்டுபிடித்தாகவேண்டும். கண்டுபிடித்து, பார்த்து, அது ஆயிரத்துக்கும் கீழே ஆறிக் கிடந்தால்? அதுவும் ஓர் எண். விழுகிற கரும்பொருள் நியூட்ரான்களில் முட்டாமல் வழுக்கிப் போகிறது, முட்டினால் இத்தனைக்கும் குறைவாகத்தான் முட்டுகிறது என்று எழுதலாம். ஐந்து தாள், ஆறு தாள்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். இந்த ரிமோட்டை அரங்கப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுகிறேன். ஒரு மணி நேரமாக நானே வைத்துக்கொண்டிருக்கிறேன், கடைசி வரிசையில் அழைப்பிதழை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறார்கள்.